ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் போயிரும்

சோமனூர் பக்கம் ஒரு கிராமத்தில் என் தாய்மாமாவுக்குப் பன்னிரண்டு தறி ஓடுகிறது. பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். மாமா நெய்து கொடுத்துவிட்டு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிக்காரர்கள் பெரும்பாலோருக்கு இதுதான் பிழைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் தறி ஓட்டுகிறவர்களுக்கு வாரச் சம்பளம். அதனால் சனிக்கிழமை மத்தியானமே அவர் வங்கிக் கணக்கில் பணம் வந்து நிற்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. ஆறே முக்கால் மணிக்கு அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. போன மாத மின் கட்டணம் கணக்கில் ஏறவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும் என்று கீழே ஒரு பத்து இலக்க எண்.

தறிக்காரருக்குக் கரண்ட் என்றால் என்ன என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நூல் அறும், துணியில் கோடு விழும், உற்பத்தியாளர் அதற்குக் கூலியில் பிடிப்பார். இணைப்பையே துண்டித்துவிட்டால் திரும்ப வாங்குவதற்குள் அந்த வாரக் கூலி போய்விடும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. 2023-இல்தான் அதை 750-இலிருந்து உயர்த்தினார்கள். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் கணக்குத்தான். அதனால் ஈ.பி. ஆபீஸிலிருந்து செய்தி என்றால் மாமா வேறு எதையும் யோசிக்க மாட்டார். அந்தச் செய்தியை எழுதியவனுக்கு இது தெரிந்திருக்கிறது.

மாமா அந்த எண்ணைக் கூப்பிட்டார். எதிர்முனையில் பேசியவன் மரியாதையாகப் பேசினான். "பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க சார், அப்டேட் ஆயிடும்" என்றான். கட்டுவதற்கு ஒரு செயலியை இறக்கச் சொன்னான். இவர் போன் திரையை அவன் அங்கே இருந்தே பார்க்க வைக்கிற செயலி அது. மாமா பத்து ரூபாய் கட்டினார். கடவுச்சொல்லும், ஓடிபியும், எல்லாமே அவன் கண் முன்னால் நடந்தது. பதினான்கு நிமிடத்தில் மூன்று தவணையாக 2,94,000 ரூபாய் போய்விட்டது. அந்த வாரச் சம்பளமும், தீபாவளி போனஸுக்கென்று சித்திரையிலிருந்து சேர்த்ததும் அதில் இருந்தது.

நான் பல்லடத்தில் கணக்கு எழுதுகிறேன். நாற்பது சிறு கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி., சம்பளக் கணக்கு, வங்கி வேலை எல்லாம் என் மேசையில்தான். மாமா என்னைக் கூப்பிட்டபோது மணி ஏழு இருபத்தைந்து. "அம்மணி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. பின்னால் தறிச் சத்தமும் இல்லை. அப்போதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் நாங்கள் யார் யாரையெல்லாம் கூப்பிட்டோம், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்று ராத்திரியே ஒரு தாளில் எழுதி வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாமாவின் வங்கி கணக்கை உடனே முடக்கியது. ஆனால் போன பணம் வேறு வங்கிக்குப் போய்விட்டது, அது எங்கள் கையில் இல்லை என்றது. பணம் போய்ச் சேர்ந்த வங்கியைக் கூப்பிட்டோம். நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, அந்தக் கணக்கைப் பற்றி உங்களிடம் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பத்து இலக்க எண்ணைக் கொடுத்த தொலைபேசி நிறுவனத்தில், எண்ணை நிறுத்த வேண்டுமென்றால் போலீஸ் கடிதம் வேண்டும் என்றார்கள். காவல் நிலையத்தில் திங்கட்கிழமை கோவைக்குப் போய்ச் சைபர் கிரைமில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் பணியில் இருந்தவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. "அது எங்க மெசேஜ் இல்லீங்க. காலையில இருந்து இதையே பதினஞ்சு பேரு கேட்டுப்போட்டாங்க."

காலையிலிருந்து! மாமாவுக்குச் செய்தி வந்தது சாயங்காலம் ஆறே முக்காலுக்கு.

எட்டு மணி வாக்கில் மாமா மகனுக்கு 1930 என்ற எண் ஞாபகம் வந்தது. கூப்பிட்டான். ஒரு பெண் தமிழில் பேசினார். பதற்றமில்லாமல், கணக்கு எண், நேரம், பரிமாற்ற எண் என்று வரிசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு அழைப்பு மட்டும்தான் அன்றைக்கு ஏதாவது செய்தது. ஆனால் பணம் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

அதற்கப்புறம் புகார், விசாரணை என்று அலைந்ததில் பணம் போன வழி எனக்குத் துண்டு துண்டாகத் தெரிய வந்தது. முதலில் இரண்டு கணக்கு. அங்கிருந்து சில நிமிடத்தில் ஏழு கணக்கு. அங்கிருந்து இன்னும் சில. கடைசியில் ஏதோ ஊர்களில் ஏ.டி.எம்.மில் எடுத்திருக்கிறார்கள்.

இதில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பாருங்கள். ஒரே எண்ணிலிருந்து ஒரே நாளில் ஒரே செய்தி கணக்கில்லாத பேருக்குப் போனது தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் பதிவாகி இருக்கும். அது பொய்ச் செய்தி என்று மின் வாரிய ஊழியருக்குக் காலையிலேயே தெரியும். வாராவாரம் சம்பளம் மட்டும் போகிற ஒரு கணக்கிலிருந்து, சனிக்கிழமை சாயங்காலம், இதுவரை பார்க்காத இரண்டு பேருக்கு மொத்தப் பணமும் போகிறது என்று மாமாவின் வங்கிக்குத் தெரியும். மாதக் கணக்கில் நூறு இருநூறு ரூபாயோடு கிடந்த கணக்கில் லட்சம் விழுந்து ஐந்து நிமிடத்தில் வெளியேறுகிறது என்று பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தெரியும். ஆளுக்கொரு துண்டு இருந்தது. நான்கு துண்டையும் ஒரே மேசையில் வைக்கத்தான் யாரும் இல்லை. திருடன் ஒருவன் மட்டுமே நான்கு இடத்துக்கும் நடமாடிக்கொண்டிருந்தான்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நூல் வியாபாரம்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் நூல் முழுக்கக் கடனில்தான் போகும். மில்லுக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் புரோக்கர். ஒரு பார்ட்டி சோமனூரில் ஒரு செக்கைத் திரும்ப விட்டால் சாயங்காலத்துக்குள் பல்லடத்துக்கும் கருமத்தம்பட்டிக்கும் ஈரோட்டுக்கும் சேதி போய்விடும். சத்தம் போட்டெல்லாம் சொல்ல மாட்டார்கள். "பார்ட்டி கொஞ்சம் டைட்டா இருக்காப்ல" என்பார்கள். அவ்வளவுதான், சரக்கு நிற்கும். திங்கட்கிழமை ராத்திரி ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போனால் இது கண் முன்னால் நடக்கும். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள், ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டி போடுகிறவர்கள், ஆனாலும் ஏமாற்றுகிறவனைப் பற்றி மட்டும் ஒருவருக்கொருவர் மறைக்க மாட்டார்கள். இன்றைக்கு என்னிடம் வாங்கி ஓடுகிறவன் நாளைக்கு உன்னிடம் வருவான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சட்டம் எதுவும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பணம் போனால் அவரவர் கையிலிருந்து போகும் என்பதுதான் காரணம்.

அந்தப் பழக்கம் எங்கள் ஊரையும் எல்லா நேரமும் காப்பாற்றிவிடவில்லை. 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் சரிந்தது கொங்கு நாட்டில் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம் அவர்களே தருவார்கள், மாதம் 6,000 ரூபாய் வளர்ப்புக் கூலி என்றார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு, எப்படி நம்பினீர்கள் என்பார்கள். நம்பியதற்குக் காரணம் இருந்தது. பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழி அப்படித்தான் வளர்ந்தது: கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், விவசாயி கொட்டகை போட்டு வளர்த்துக் கொடுத்துக் கூலி வாங்குவார். அது நேர்மையான தொழில். அந்தத் தொழிலின் உருவத்தை எடுத்துப் பொய்க்குப் போர்த்திவிட்டார்கள். ஈமு கறியை யார் வாங்குகிறார்கள் என்று கோழிக்காரர்களுக்குச் சந்தேகம் இருந்தது. விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் கொட்டுகிறார்கள் என்று பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் தெரிந்தது. எத்தனை ஊரிலிருந்து பணம் வந்து ஒரே கணக்கில் விழுகிறது என்று வங்கிக்குத் தெரிந்தது. அங்கேயும் அதே கதை, ஆளுக்கொரு துண்டு. அதற்கு மூன்று நான்கு வருடம் முன்னால் திருப்பூரில் அன்னியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி 900 கோடிக்கு மேல் வாங்கிய ஒரு நிறுவன வழக்கு. அதில் கோவைத் தனி நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை என்று தீர்ப்புச் சொன்னது 2022 ஆகஸ்டில். பணம் கட்டியவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஏமாற்ற ஆபீஸ் போட வேண்டும், ஆள் வைக்க வேண்டும், வருடக்கணக்கில் நடத்த வேண்டும். இன்றைக்குப் பதினான்கு நிமிடம் போதும். நாடு முழுக்க இணையவழி மோசடியில் போனதாகப் புகாரில் வந்த தொகை 2023-இல் 7,465 கோடி, 2024-இல் 22,845 கோடி என்று மத்திய அரசு மக்களவையில் சொன்னது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. இவ்வளவு பேரும் முட்டாள்களாக இருக்க முடியாது. 2024-இல் லூதியானாவில் ஒரு பெரிய நூற்பாலைக் குழுமத்தின் தலைவரையே வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி, உச்ச நீதிமன்றம் மாதிரி ஒரு வீடியோ விசாரணையும் நடத்திக் காட்டி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவ்வளவு பெரிய ஆலையை நடத்துகிறவருக்கே அப்படியென்றால் பன்னிரண்டு தறிக்காரரை என்ன சொல்வது? "உஷாரா இருக்க வேண்டாமா" என்று மாமாவைக் கேட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

சரி, எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய நடந்திருக்கிறது, அதில் சிலது நல்ல வேலை. 1930 என்பது வெறும் புகார் எண் இல்லை என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 2021-இல் தொடங்கிய ஏற்பாடு அது. நாம் சொல்வது ஒரு சீட்டாகப் பதிவாகி நேராகப் பணம் போன வங்கிக்குப் போகும். அங்கே பணம் இருந்தால் பிடித்து வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் சீட்டும் அடுத்த வங்கிக்குப் போகும். பணத்தின் பின்னாலேயே ஓடுகிற மாதிரி. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் என்று அடித்துச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் 91,000 ரூபாய் நின்றது. ஏழு கணக்கில் இரண்டில் இருந்து இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது மாமா கணக்குக்கு வருவதற்கு எட்டு மாதம் ஆயிற்று.

2024 செப்டம்பர் 10-ஆம் தேதி டெல்லியில் ஒரு மையம் திறந்தார்கள். பெரிய வங்கிகள், பணப் பரிமாற்ற நிறுவனங்கள், தொலைபேசி நிறுவனங்கள், இணைய நிறுவனங்கள், மாநிலப் போலீஸ் இவர்களின் ஆட்கள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிற இடம். சந்தேகப் பேர்வழிகளின் பட்டியல் ஒன்றையும் அதே நாளில் வங்கிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் மே மாதம் தொலைத்தொடர்புத் துறை இன்னொன்று கொண்டுவந்தது. மோசடியில் அடிபட்ட தொலைபேசி எண்களை நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று ஆபத்துவாரியாகப் பிரித்து வங்கிகளுக்கும் யூபிஐ செயலிகளுக்கும் கொடுக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும்படி ஜூன் 30-ஆம் தேதி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் எழுதியது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் அந்த நூல் புரோக்கர்கள் ஞாபகம்தான் வந்தது. "பார்ட்டி டைட்டு" என்று தொலைபேசித் துறை வங்கிக்குச் சொல்கிறது. இத்தனை வருடம் கழித்து, ஆனாலும் சொல்கிறது.

ஆனால் பாதிதான் வந்திருக்கிறோம் என்பது என் எண்ணம். பட்டியல் போவது வேறு, அதைப் பார்த்து ஒரு பரிமாற்றத்தை நிறுத்துவது வேறு. நிறுத்தினால் வாடிக்கையாளர் கோபப்படுவார், நிறுத்தாவிட்டால் நட்டம் வங்கிக்கு இல்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வங்கியின் தவறும் நம் தவறும் இல்லாமல் நடுவில் எங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பு இல்லை. நல்ல விதி. ஆனால் மாமா மாதிரி தன் கையாலேயே ஓடிபி போட்டவர் அதற்குள் வர மாட்டார். அவருடைய கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். கத்தியைக் கழுத்தில் வைத்து வாங்கினால் திருட்டு, பயத்தைக் காட்டி வாங்கினால் கவனக்குறைவு. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற நாடுகளில் இந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டு வங்கிப் பரிமாற்றத்தில் இப்படி ஏமாந்து தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். பணம் கிளம்பிய வங்கி பாதி, போய்ச் சேர்ந்த வங்கி பாதி. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கிக்கும் அப்போதுதான் வலிக்கும். ஆனால் அங்கே தொலைபேசி நிறுவனமும் சமூக ஊடகமும் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. சிங்கப்பூரில் அதே வருடம் டிசம்பரில் வந்த ஏற்பாட்டில் தொலைபேசி நிறுவனத்தையும் சேர்த்தார்கள். போலி இணைப்பை அனுப்பிக் கடவுச்சொல்லைத் திருடுகிற மோசடிகளில், வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் வங்கி தரும், வங்கி சரியாகச் செய்து தொலைபேசி நிறுவனம் தவறியிருந்தால் அது தரும், இரண்டும் சரியென்றால் நட்டம் வாடிக்கையாளருக்கு. ஆஸ்திரேலியா 2025 பிப்ரவரியில் நிறைவேற்றிய சட்டம் வங்கி, தொலைபேசி, இணையத் தளம் மூன்றையும் ஒரே வலையில் கொண்டுவரப் பார்க்கிறது. கடமை தவறினால் 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேலும் அபராதம் போடலாம்.

இதில் எதையும் அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது, தெரியும். ஆனால் நட்டத்தில் ஆளுக்கொரு பங்கு என்று வந்தால் ஆளுக்கொரு துண்டை யாரும் பூட்டி வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஈரோட்டுச் சந்தையில் அது அப்படித்தான் நடக்கிறது.

இப்போது நான் சொல்லப் போவது எனக்குக் கஷ்டமான பகுதி. பணம் பிரிந்து போன ஏழு கணக்கில் ஒன்று திருப்பூரில் இருந்தது. என் மேசையிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்த பையன், வயது இருபது. அறையில் கூட இருந்தவன் ஒருவன், புதிதாக ஒரு வங்கிக் கணக்கும் ஒரு சிம் கார்டும் வாங்கிக் கொடு, 4,000 ரூபாய் தருகிறேன் என்றிருக்கிறான். இவன் வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டான். இப்படிப்பட்ட கணக்கைப் போலீஸ்காரர்கள் 'மியூல் அக்கவுன்ட்' என்கிறார்கள், பொதி சுமக்கிற கழுதை என்ற அர்த்தத்தில். பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கழுதைக்குத் தெரியாது. அடிபடுவது அதுதான். விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவனுடைய சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கி, ஊரில் இருக்கிற அம்மாவுக்கு இரண்டு மாதம் பணம் அனுப்ப முடியாமல் போயிற்று.

இந்தக் கழுதைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்டர்' என்று ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி செய்து வங்கிகளுக்குக் கொடுத்துவருகிறது. நல்லது. ஆனால் அந்தப் பையன் கணக்கு திறந்த அன்று யாராவது அவனிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் கருவிக்கு வேலை வந்திருக்காது. அதனால் நான் கணக்கு எழுதுகிற கம்பெனிகளில் ஒன்று செய்தேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பி.எஃப். படிவம் நிரப்பும்போதே, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தைத் திறந்து, அவர்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டச் சொன்னேன். முதல் மாதமே ஒரு பெண்ணின் பெயரில் அவளுக்குத் தெரியாத மூன்று எண்கள். எங்கேயோ ஆதாரைக் கொடுத்துக் கைரேகை வைத்தபோது இன்னும் இரண்டு தடவை வைக்கச் சொன்னார்களாம், முதல் தடவை பதியவில்லை என்று. அந்த மூன்றையும் அங்கேயே 'என்னுடையது இல்லை' என்று புகார் செய்தோம்.

கணக்கை முடக்குவதிலும் ஒரு வேதனை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு நூல் கோன் வியாபாரிக்கு யாரோ 6,500 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி யூபிஐயில் பணம் அனுப்பினார்கள். அது எங்கேயோ திருடிய பணம். வேறு மாநிலப் போலீஸ் சொன்னதன் பேரில் அவருடைய மொத்தக் கணக்கும் நின்றது. ஏழு வாரம். செக் திரும்பியது, நூலுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. சந்தேகத்துக்குரிய 6,500 ரூபாயை மட்டும் பிடித்து வைத்திருக்கலாம். நான் சேர்ந்து வேலை செய்யுங்கள் என்று கேட்பது இப்படிச் சேர்ந்து ஒருவரை நசுக்குவதற்கு இல்லை. பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் என்றால், தப்பில்லாதவரை விடுவதற்கும் ஒரு கெடு இருக்க வேண்டும், கூப்பிட்டுக் கேட்க ஓர் எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்லவர்களே 1930-ஐப் பார்த்துப் பயப்படுவார்கள்.

மாமா மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. போனஸை வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டில் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை. தறிக்குடோன் சுவரில் பீம் கணக்கு எழுதுகிற இடத்துக்கு மேலே சாக்பீஸால் 1930 என்று எழுதினார். அழிய அழியத் திரும்ப எழுதுவார்.

அப்புறம் தை மாதத்தில் நாங்கள் ஊரில் ஒன்று செய்தோம். பெரிய காரியம் இல்லை. ஈ.பி. லைன்மேன் அண்ணன், வங்கிக் கிளையின் கேஷியர் அம்மா, பேருந்து நிறுத்தத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி, கூட்டுறவுச் சங்கச் செயலாளர், விசைத்தறிச் சங்கத்தில் ஒருவர், நான். ஆறு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. யாருக்காவது இந்த மாதிரி ஒரு செய்தி வந்ததாகத் தெரிந்தால் உடனே அதில் போட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. கேஷியர் அம்மா முதலில் தயங்கினார். வாடிக்கையாளர் பெயரையோ கணக்கையோ நான் சொல்லக் கூடாதே என்றார். நியாயம்தான். யார் பெயரும் வேண்டாம், மோசடிக்காரன் எண்ணும் அவன் சொல்கிற கதையும் மட்டும் போதும் என்று பேசி முடிவு செய்தோம். மொபைல் கடைத் தம்பி இதில் இவ்வளவு முக்கியமானவனாக இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் போனில் எது செய்ய வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வருவார்கள்.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணிக்கு லைன்மேன் அண்ணன் குழுவில் ஒரு எண்ணைப் போட்டார்: "இதுல இருந்து கரண்ட் கட்டுன்னு மெசேஜ் வருது, நம்மளுது இல்லீங்க." நான் அதை சஞ்சார் சாத்தியில் 'சக்ஷு' பகுதியில் புகாராக ஏற்றிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மொபைல் கடைத் தம்பி என்னைக் கூப்பிட்டான். "அக்கா, தோட்டத்துச் சாளையில இருந்து ஒரு ஆத்தா வந்திருக்குதுங்க. யாரோ போன்ல ஒரு ஆப்பைப் போடச் சொல்றாங்களாம், எனக்குத் தெரியலை, நீ போட்டுக் குடு சாமின்னு நிக்குது. காலையில அண்ணன் போட்ட அதே நம்பருங்க."

"போடாதே, உக்கார வை. அண்ணனைக் கூப்பிடு" என்றேன்.

லைன்மேன் அண்ணன் பக்கத்துத் தெருவில்தான் கம்பத்தில் இருந்திருக்கிறார், இறங்கி வந்துவிட்டார். கேஷியர் அம்மா கிளையிலிருந்தே அந்த ஆத்தாவிடம் போனில் பேசி, அவர் சம்மதத்தின் பேரில் கணக்கில் பரிமாற்றத்தை அன்றைக்கு நிறுத்தி வைத்தார். ஆத்தாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கையில் மின் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரண்ட் போயிரும், மோட்டார் ஓடாது, மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்ததாம். தம்பி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான். கடை மேசையில் அவர் போன் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அண்ணன் அட்டையை வாங்கிப் பார்த்தார். மோட்டார் இலவச மின்சாரத்தில் ஓடுகிற விவசாய இணைப்பு. வீடு ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள்தான் வரும், அதுவும் இலவசம்.

"ஆத்தா, உங்களுக்குப் பில்லே வர்றதில்லீங்க" என்றார் அண்ணன். "கட்டாம விடறதுக்கு என்ன இருக்குது?"

ஆத்தா டீயைக் கீழே வைத்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனைத் தம்பியிடம் நீட்டி, "இதை அமத்திப்போடு சாமி" என்றதாம்.